‘பரம்பரை’ என்று முடித்துவிடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிவு வரும்போதும், ஜூனில் பள்ளி திறக்கும்போதும் பெற்றோருக்கான கட்டுரைகள் நாளிதழ்களில் வரிசையாக வருகின்றன. அவற்றில் பாதி, பிள்ளையின் அறிவும் குணமும் பிறக்கும்போதே எழுதப்பட்டுவிட்டன என்கின்றன. மீதி, எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பழியைத் தாயின் தலையில் கட்டுகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குழந்தை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவற்றில் இருக்கும் எங்களுக்கு இவ்விரண்டுமே வேலையைக் கெடுக்கும் பேச்சுகள். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறோம். நீளம் கருதி இரண்டு நாளாகப் பிரித்து வெளியிட்டாலும் சரி.

நம் மாவட்டத்து உதாரணம் ஒன்று. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் அப்பாவுக்குக் கறைப் பல் என்றால் பிள்ளைகளுக்கும் கறைப் பல். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்கும் அதே. “எங்க வம்சத்துக்கே பல் இப்படித்தான்” என்பார்கள். பார்த்தால் பரம்பரை மாதிரியேதான் தெரியும். உண்மையில் அது போர் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் பாறை நிலத்தில் ஆழம் தோண்டத் தோண்ட அதைத் தாண்டிய கிணறுகள் ஏராளம். பிறந்ததிலிருந்து ஏறக்குறைய 8 வயது வரை, ஈறுக்குள் பல்லின் மேற்பூச்சு உருவாகும் காலத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்தால்தான் கறை விழும். அதனால்தான் ஆற்றுத் தண்ணீர் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகளின் பல் வெள்ளையாகவே இருக்கிறது. அவள் பெற்ற பிள்ளைகளின் பல் மாமனார் வீட்டுப் பல்லாக இருக்கிறது. சித்தப்பா குடும்பம் வேறு தண்ணீர் ஊருக்குக் குடிபோய் அங்கே பிள்ளை பெற்றிருந்தால், அந்தப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். உலகத்தில் மரபையும் சூழலையும் பிரித்தறிய ஆய்வாளர்கள் செய்வதும் இதுதான்: ரத்தம் ஒன்று, வீடு வேறு; வீடு ஒன்று, ரத்தம் வேறு என்று தேடிப் பிடித்து ஒப்பிடுவது.

குடும்பத்தில் தொடர்ந்து வருவதெல்லாம் ஜீன் வழியாக வருவதல்ல. ஆனால் இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூழலால் வந்த இந்தக் கறை தேய்த்தால் போவதில்லை; வாழ்நாள் முழுக்க நிற்கும். (தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாது, வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். சாதாரண வடிகட்டிக்கும் அது சிக்காது. 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பயன் அந்தத் தண்ணீரையே குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தும் வீட்டுக்குத்தான்.) ஆகவே கேள்விகள் இரண்டு. எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. மாற்ற முடியுமா, எந்த வயதுக்குள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவதற்கும் பதில் சொல்லிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பிறவித் தைராய்டு குறைபாட்டைப் பாருங்கள். இந்தியாவில் ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. சிலருக்குச் சுரப்பியே சரியாக உருவாவதில்லை. சிலருக்கு ஹார்மோன் செய்யும் ஜீனில் குறை, அது சொந்தத்தில் கட்டிய தம்பதிகளின் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும். பிறவிக் குறைதான், சந்தேகமில்லை. ஆனால் பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கிவிட்டால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படிக்கும். தொடக்க அளவு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கொஞ்சம் கலந்து கரண்டியில் கொடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. தவறவிட்டு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் தொடங்கினால் உடல் தேறும், மூளை இழந்தது திரும்பாது. இதில் கொடுமை என்னவென்றால், இந்தக் குழந்தை அதிகம் அழாது, பால் கேட்டு எழுப்பாது, நாள் முழுக்கத் தூங்கும். “சமத்துப் பிள்ளை, தொந்தரவே இல்லை” என்று வீடு மெச்சிக்கொண்டிருக்கும். மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டி நீடித்தாலோ, மலச்சிக்கல் இருந்தாலோ, நாக்கு பெரிதாகத் தெரிந்தாலோ, தொப்புள் புடைத்தாலோ அந்தச் சமத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

சொந்தத்தில் கட்டுவது பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் உறவுக்குள் நடப்பவை. மாமன் மகள், அத்தை மகனைக் கட்டினால் கணவன் மனைவிக்குள் எட்டில் ஒரு பங்கு ஜீன் பொது. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் நான்கில் ஒரு பங்கு. பெற்றோர் இருவரிடமும் ஒரே குறை மறைவாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, அந்தக் குறை குழந்தையிடம் வெளிப்பட. “மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி மூணு பிள்ளைக்கு வராது” என்று கணக்குப் போடுகிறார்கள், அது தவறு. ஒவ்வொரு கருவுக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. இப்படி வரும் குறைகளில் நாங்கள் அதிகம் கவலைப்படுவது காது கேளாமையைப் பற்றி. செவிட்டுத்தன்மை பரம்பரையாக இருக்கலாம்; ஊமைத்தன்மை பரம்பரை அல்ல. மொழி போய்ச் சேராததால் அது உண்டாகிறது.

காது கேட்காத குழந்தையும் முதல் ஐந்தாறு மாதம் மற்றக் குழந்தைகளைப் போலவே ஆ, ஊ என்று சத்தம் போடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வீட்டில் தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். குழந்தை அதிர்வை உணர்ந்தோ கையசைவைப் பார்த்தோ திரும்பும், “கேட்குது” என்று விட்டுவிடுவார்கள். முறையான வழி இது: பிறந்து ஒரு மாதத்துக்குள் ஓ.ஏ.இ. பரிசோதனை (ஒலிக்கு உட்காது தரும் எதிரொலியைப் பார்ப்பது), அதில் தேறாவிட்டால் மூன்று மாதத்துக்குள் பெரா பரிசோதனை (ஒலி காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது), குறை உறுதியானால் ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவி. கருவியால் பயன் இல்லாத குழந்தைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் 6 வயதுக்குள் அறுவை செய்து காக்ளியர் கருவி (காது நரம்பை நேரடியாகத் தூண்டி ஒலியை உணர்த்துவது) பொருத்துகிறார்கள். அறுவை முடிந்த அன்றே பிள்ளை பேசும் என்று எதிர்பார்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கருவி ஒலியைத்தான் கொடுக்கும், மொழியைக் கொடுக்காது. அதன்பின் வருடக்கணக்கில், வீட்டிலும் மையத்திலும் தினமும் பயிற்சி வேண்டும். அதை நடுவில் விடுவதுதான் இங்கே பெரிய தோல்வி. காரணம் பெரும்பாலும் அலட்சியமல்ல, பஸ் செலவும் ஒரு நாள் கூலியும். கருவிக்கு வழியில்லாவிட்டால் சைகை மொழியைச் சின்ன வயதிலேயே தொடங்கலாம். காது வழியோ கண் வழியோ, மூளைக்கு ஒரு முழு மொழி சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்.

‘பிறவியிலேயே’ என்பதையும் ‘ஜீனிலேயே’ என்பதையும் ஒன்றாகப் பேசுவது இன்னொரு குழப்பம். கருப்பையும் ஒரு சூழல்தான். தாய்க்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா என்ற அம்மை நோய் வந்தால் குழந்தை காது கேளாமல் பிறக்கலாம். அதில் பரம்பரைக்கு வேலை இல்லை, எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசிக்குத்தான் வேலை. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி குறையும். ஃபோலிக் அமிலம் கரு உருவான முதல் 28 நாளுக்குள் வேலை செய்ய வேண்டியது. நாள் தள்ளிப்போனது தெரிந்து மாத்திரை வாங்குவதற்குள் மூளையும் தண்டுவடமும் உருவாகும் முதுகுத்தண்டுக் குழாய் மூடியிருக்கும்.

இனி சதவீதக் கணக்கு. ‘அறிவில் 50 சதவீதம் பரம்பரை’ என்று கட்டுரைகளில் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? ஒருகரு இரட்டையர்களுக்கு ஜீன் முழுவதும் பொது. இருகரு இரட்டையர்களுக்குச் சராசரியாகப் பாதி. இரு வகையினரும் தமக்குள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் வித்தியாசத்திலிருந்து மரபுப் பங்கைக் கணிக்கிறார்கள். 2015-இல் டிங்கா பொல்டர்மான் குழுவினர் ஐம்பது ஆண்டுக்கால ஆய்வுகள் 2,748-ஐத் தொகுத்துப் பார்த்தார்கள். 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகள். எல்லாப் பண்புகளையும் சேர்த்த சராசரி 49 சதவீதம். இதை, ‘என் மகனின் அறிவில் பாதி என்னிடமிருந்து வந்தது’ என்று படிக்கக் கூடாது. நன்றாக இருக்கும் ஒரு களியில் மாவுக்கு எத்தனை பங்கு, கிளறிய கைக்கு எத்தனை பங்கு என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் ஒரே மாவை வாங்கிப்போன பத்து வீட்டில் களி பத்து விதமாக வந்தால் அந்த வித்தியாசத்துக்குக் காரணம் கை. ஒரே ஆள் பத்து வித மாவைக் கிளறி, பத்து விதமாக வந்தால் காரணம் மாவு. மரபுப் பங்கு என்பது ஆட்களுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தின் கணக்கு. அதுவும் அந்த ஊரில், அந்தக் காலத்தில். எல்லா வீட்டிலும் சாப்பாடும் பள்ளியும் சமமாகிவிட்டால் மிஞ்சுகிற வித்தியாசம் ஜீனுடையதாகவே இருக்கும், சதவீதம் ஏறும். அமெரிக்காவில் 7 வயது இரட்டையர்களை வைத்து எரிக் டர்க்கைமர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வசதியான வீடுகளில் அறிவுத்திறன் வித்தியாசத்துக்கு ஜீன் பெரும் காரணமாகவும், ஏழை வீடுகளில் ஏறக்குறைய காரணமே இல்லாமலும் இருந்தது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஏழைக்கும் பணக்காரருக்கும் கிடைக்கும் மருத்துவமும் பள்ளியும் அவ்வளவு தூரம் விலகி நிற்பதில்லை என்பது ஒரு விளக்கம்.

நம் நாட்டில் இந்தப் பேச்சு இரண்டாவது வாக்கியத்திலேயே சாதிக்குப் போய்விடும். “அவங்க ரத்தத்துலேயே படிப்பு இருக்கு.” ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தின் மரபுப் பங்கு, இரண்டு கூட்டங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது; கணக்கே அதற்காகப் போடப்பட்டதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்தில் கடைசி, கன்னியாகுமரி 91.7. நாகர்கோவிலுக்கும் நல்லம்பள்ளிக்கும் ஜீன் வேறு என்று யாரும் சொல்வதில்லை, பள்ளிக்கூடம் எப்போது வந்தது என்றுதான் கேட்கிறோம். ஊருக்குள் இரண்டு தெருக்களுக்கு இடையே மட்டும் ஏன் அந்தக் கேள்வி எழுவதில்லை?

நடத்தைக்கு வருவோம். எங்களிடம் வருகிற பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான்: “பிடிவாதம் தாங்கலை, அப்படியே அவங்க அப்பா.”

பிறந்த குழந்தைகளுக்குள்ளேயே சுபாவ வேறுபாடு உண்டு. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் இருவரும் 1956-இல் நியூயார்க்கில் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதம் எளிதில் பழகும் குழந்தைகள், 10 சதவீதம் கடினமான சுபாவம், 15 சதவீதம் மெதுவாகப் பழகுபவை, மீதி கலவை. பின்னாளில் யார் சிக்கலுக்கு ஆளானார்கள் என்பதைச் சுபாவம் மட்டும் தீர்மானிக்கவில்லை. அந்தச் சுபாவத்துக்கும் வீடு எதிர்பார்த்ததற்கும் பொருந்தியதா என்பதே தீர்மானித்தது என்பது அவர்கள் முடிவு.

பொருத்தம் எப்படிக் கெடுகிறது என்பதைக் கடை வாசலில் பார்க்கலாம். மூன்றரை வயதுப் பிள்ளை பாக்கெட் தீனிக்கு அழுகிறது. அம்மா மறுக்கிறார், பிள்ளை தரையில் புரள்கிறது, நாலு பேர் பார்க்கிறார்கள், அம்மா வாங்கிக் கொடுக்கிறார், அழுகை நிற்கிறது. இங்கே இரண்டு பேர் பாடம் கற்றார்கள். புரண்டால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றது; கொடுத்தால் நிம்மதி என்று அம்மா கற்றார். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களை வீட்டிலேயே உட்கார்ந்து கவனித்து விளக்கிய சுழல் இதுதான். பிறப்பிலேயே உரத்த, தீவிரமான சுபாவம் உள்ள பிள்ளை சீக்கிரம் உச்சத்துக்குப் போகும். அதனால் வீடு சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். அதனால் அந்தப் பிள்ளை பாடத்தைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். சாதுவான தம்பிக்கு அந்தப் பாடம் கிடைப்பதே இல்லை. ஒரே வீடு, இரண்டு வளர்ப்பு. இதில் எவ்வளவு பிறவி, எவ்வளவு பழக்கம் என்று யாரால் பிரிக்க முடியும்?

பத்து முறை மறுத்துப் பதினொன்றாவது முறை கொடுப்பது, பத்து முறையும் கொடுப்பதைவிடக் கெடுதல். எப்போதாவது கிடைக்கும் பலன்தான் பழக்கத்தை அதிக நாள் நிலைக்க வைக்கும் என்பது உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களிடமும் எலிகளிடமும் காட்டிய விஷயம். ஆகவே மாற்ற நினைப்பவர்கள் முதலில் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். தாத்தாவின் சட்டைப்பை இதில் விதிவிலக்கல்ல. கிளம்பும் முன்பே ஒருமுறை சொல்லுங்கள்: “இன்னைக்குப் பருப்பும் எண்ணெயும் மட்டும்.” பிள்ளை கையில் ஒரு வேலை கொடுங்கள், பையைத் தூக்கட்டும். அழத் தொடங்கினால் அடிபடாத இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டுப் பேச்சைக் குறையுங்கள். விளக்கமும் திட்டும் இரண்டுமே கவனிப்புதான், அதுவும் பலன்தான். அடங்கியதும் உடனே, சில நொடிக்குள், எதற்கு என்று குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்: “கேட்டுட்டு விட்டுட்டியே, நல்லது.” சும்மா “சமத்து” என்றால் எது சமத்து என்று பிள்ளைக்குத் தெரியாது.

இப்படிச் செய்தால் முதல் சில நாள் அழுகை குறையாது, கூடும். முன்பு பலித்த வழி பலிக்காதபோது அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பது குழந்தைக்கு மட்டுமல்ல, எல்லா உயிருக்கும் இயல்பு. பெரும்பாலான வீடுகள் சரியாக அந்த மூன்றாம், நான்காம் நாளில் கைவிடுகின்றன. கைவிட்டால், இன்னும் உரக்க அழுதால் கிடைக்கும் என்று கற்பித்தாகிவிட்டது. இரண்டு வாரம் தாங்க முடியாது என்று தோன்றினால் தொடங்காமல் இருப்பதே மேல். பசி, தூக்கம், காய்ச்சலில் அழும் பிள்ளைக்கு இதெல்லாம் கிடையாது. ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு அறவே கிடையாது. அது அழுதால் தூக்க வேண்டும், தூக்கினால் கெட்டுப்போகாது.

அடித்தால் அடங்குகிறதே என்பார்கள். அந்த நேரத்துக்கு அடங்கும். அதனால் அடித்தவருக்குப் பலன் கிடைக்கிறது, அடிக்கும் பழக்கம் அவரிடம் வேரூன்றுகிறது. ஆல்பர்ட் பந்துரா 1961-இல் 72 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே அடியை, அதே சொற்களோடு திருப்பிச் செய்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கோபக்காரத் தகப்பனின் மகன் கோபக்காரனாக இருந்தால், அவனுக்கு ஜீனும் அவரிடமிருந்து வந்தது, தினசரிப் பாடமும் அவரிடமிருந்தே வந்தது. நூலைப் போல சேலை என்று பாதியை மட்டும் சொல்கிறோம்.

மொழிக்கு வந்தால் ஓசூர், தளி, சூளகிரி, வேப்பனப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஜேனட் வெர்க்கர் 1984-இல் காட்டியது: ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் ‘த’, ‘ட’ ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள், 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலோர் அந்தத் திறனை இழந்தார்கள். எந்த மொழியையும் கேட்கும் காதோடு பிறக்கிறோம். வீட்டில் ஒலிக்காததை மூளை முதல் வருடத்திலேயே கழித்துவிடுகிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை ‘ழ’வை ‘ள’ என்று சொல்வதும், ஒரே ‘க’ எழுத்தை எங்கே அழுத்திப் படிப்பது, எங்கே மென்மையாகப் படிப்பது என்று தடுமாறுவதும் மந்தம் அல்ல. அவர்கள் மொழியில் அவ்விரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு, தமிழில் இல்லை. அந்தப் பிள்ளைக்கு எத்தனை சொல் தெரியும் என்று எண்ணினால் இரண்டு மொழியையும் கூட்டி எண்ண வேண்டும். இருமொழி வீடு என்பதற்காக முதல் சொல் தாமதமாவதில்லை. எந்த மொழியிலும் 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராவிட்டால், 24 மாதத்தில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், பேசிய சொல் மறைந்தால், மொழியைக் காரணம் காட்டாமல் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள் அரூர், பென்னாகரம் பக்கம் நிறைய. பாட்டி வளர்ப்பு கெடுத்துவிடும் என்று யாரும் அவர்களைக் குற்றவாளியாக்க வேண்டாம். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கி, ஆதரவற்ற குழந்தைகள் விடுதியில் வளர்ந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்த ஆய்வில், இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்கள் மிக நன்றாகத் தேறினார்கள். நிலையான ஒருவர் வேண்டும். அது பாட்டியாகவும் இருக்கலாம். கெடுதல் பாட்டியால் வருவதில்லை, பாட்டிக்குப் பதிலாக ஓடும் வீடியோவால் வருகிறது. பட்ரீசியா கூல் 2003-இல் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோரை 12 முறை விளையாட வைத்தார், ஒலிகளைக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்களை டிவியில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. பதில் சொல்லாத திரையிடம் மொழி கற்க முடியாது. வீடியோ கால் அப்படியல்ல, எதிரே பதில் வருகிறது. தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் என்ன இருக்கிறது என்று கேட்டு, பதிலுக்கு ஐந்தாறு நொடி காத்திருந்து பேசினால் பெங்களூரிலிருந்தும் வளர்ப்பில் பங்கு உண்டு. கார்ட்டூன் இரண்டு வயது வரை வேண்டாம். ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

எதிர்த் திசைத் தவறுகளும் உண்டு. படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளையைச் சோம்பேறி என்று அடிக்கிறார்கள். இதில் பரம்பரைப் பங்கு மிக அதிகம்: பெற்றோர் இருவருக்கும் சிறு வயதில் இருந்திருந்தால் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு வரும். தண்ணீரைப் பகலிலேயே போதுமான அளவு குடிக்க வைத்து மாலைக்கு மேல் குறைப்பது, மலச்சிக்கலைச் சரிசெய்வது, படுக்கும் முன் சிறுநீர் கழிக்கச் செய்வது, இவை போதாவிட்டால் ஆறேழு வயதில் மருத்துவரிடம் காட்டுவது. அடிக்கு இதில் இடமில்லை. ஆறு மாதம் நின்று மறுபடி தொடங்கினால் சர்க்கரையும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும். பத்தில் ஒருவர் இடதுகைக்காரர். சாப்பாட்டுக்குச் சோத்தாங்கை என்று பழக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பென்சிலை மாற்றாதீர்கள். ஆட்டிசம் தாயின் பாசக் குறைவால் வருகிறது என்று மேலைநாட்டு நிபுணர்களே ஒரு தலைமுறைக் காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1977-இல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் செய்த இரட்டையர் ஆய்வு அதன் மரபு வேரைக் காட்டியது. இங்கே அந்தப் பழி இன்னும் தாய்மார்கள்மேல்தான் இருக்கிறது. மரபாக வருவதால் பயிற்சி வீண் என்றும் ஆகாது. சீக்கிரம் தொடங்கினால் பேச்சும் பழக்கமும் முன்னேறும்.

பள்ளிகளில் ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் போடும்போது பெயரை எழுதுவதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள். கண், பிள்ளை கரும்பலகையை எட்டி எட்டிப் பார்த்து எழுதுகிறதா. காது, சீழ் வடியும் காது பாதிப் பாடத்தைத் தின்றுவிடும். ரத்தம், 5 முதல் 11 வயது வரை ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழ் என்றால் சோகை. வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை (5 முதல் 9 வயதுக்கு 45 மில்லிகிராம், இளஞ்சிவப்பு) வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், அப்புறம் பிள்ளை கழிவறையில் துப்பிவிடும்; சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு மாத்திரை விட்டுப்போயிருக்கிறதா. வேலைக்குப் போன குடும்பத்தோடு எத்தனை மாதம் பள்ளி விட்டுப்போனது. இவையெல்லாம் கழிந்த பிறகும் எழுத்து மட்டும் பிடிபடாவிட்டால் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை. மாவட்டத்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. (குழந்தை வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டு உதவும் மையம்) எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள், கட்டணம் இல்லை.

இதற்கிடையில் விரல்ரேகையைப் பதிந்து பிள்ளையின் ‘பிறவித் திறமை’யை அச்சடித்துத் தரும் வியாபாரம் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. ரேகை கருவின் மூன்று முதல் ஐந்தாம் மாதத்துக்குள் தோலில் உருவாகி முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்துக் கணக்கு வருமா, பாட்டு வருமா என்று சொல்ல எந்த வழியும் இல்லை. இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமும் சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவில் கண்ணும் காதும் ரத்தமும் பரிசோதித்துவிடலாம்.

நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. அந்த ரேகை விளம்பரங்களை மாணவர் பக்கத்தில் சேர்க்க வேண்டாம். பிறந்த குழந்தைக்கான குதிகால் ரத்தப் பரிசோதனையும் காது பரிசோதனையும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எந்தெந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கிழமை நடக்கின்றன என்பதைச் சுகாதாரத் துறையிடம் கேட்டு மாவட்டப் பக்கத்தில் மாதம் ஒருமுறை வெளியிடுங்கள். நான்கு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
குழந்தை வளர்ச்சித் துறைப் பணியாளர்கள் சிலர்,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.